பெரியப்பா மகனும் 45 நாட்களும்

ஜனவரி மாத மாலை ஒன்றில், அதற்கு முன் நான் பார்த்திராத ஓர் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவருடைய அண்ணன் மகன் வேறொரு மாநிலத்தில் திருட்டு வழக்கில் தண்டிக்கப்பட்டு, பரோலில் வெளிவரவிருந்தார். மீதிக் காலத்தை அத்தை வீட்டில் தங்கிக் கழிக்க அவர் விண்ணப்பித்திருந்தார். அந்த வீடு அதற்கு ஏற்றதா என்று நேரில் பார்த்து எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. அம்மையார் என்னைக் கீழ்த்தளத்து அறைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு மடக்குக் கட்டில் விரிக்கப்பட்டிருந்தது. அதன் மேல் புதிய போர்வை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. விலைச் சீட்டு இன்னும் கிழிக்கப்படவில்லை. அவனுக்கு நிறம் பிடிக்காவிட்டால் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காகச் சீட்டை விட்டுவைத்திருப்பதாகச் சொன்னார்.

வண்டி நிறுத்தும் கொட்டகையின் சுவரில் அவர் கணவரின் வேட்டைத் துப்பாக்கி தொங்கிக்கொண்டிருந்தது. கண்காணிப்பில் இருப்பவர் துப்பாக்கி உள்ள வீட்டில் தங்க முடியாது என்று நான் சொன்னதும் அம்மையாரின் முகம் வாடிவிட்டது. இரண்டு நாட்களில் அதை மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு எனக்குத் தொலைபேசியில் தெரிவித்தார்கள். நான் மறுபடி போய்ப் பார்த்து, வெறும் ஆணி மட்டும் இருந்த சுவரை உறுதிசெய்துகொண்டு, அந்த வீட்டை ஏற்கலாம் என்று எழுதினேன்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மாநிலம் ஒன்றில் நான் 14 ஆண்டுகளாக நன்னடத்தை அலுவலராக வேலை பார்க்கிறேன். ஊரில் இருக்கும் உறவினர்களுக்கு என் வேலையை விளக்குவது எப்போதும் கடினமாகவே இருந்திருக்கிறது. சொற்களே குறுக்கே நிற்கின்றன. பரோல் என்றால் நம் ஊரில் தாயின் உடல்நலத்துக்காகவோ மகளின் திருமணத்துக்காகவோ கைதிக்குச் சில நாட்கள் கொடுக்கும் விடுப்பு என்று பொருள். விடுப்பு முடிந்ததும் அவர் சிறைக்குத் திரும்பிவிடுவார். அமெரிக்காவில் பரோல் என்பது, தண்டனையின் ஒரு பகுதியைச் சிறையில் கழித்தவரைப் பரோல் வாரியம் வெளியே விட்டு, எஞ்சிய காலத்தை ஓர் அலுவலரின் கண்காணிப்பில் வெளியிலேயே கழிக்கச் செய்வது. புரொபேஷன் என்றால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் முதல் சில மாதங்கள் என்றே பலருக்கும் தோன்றுகிறது. நீதிமன்றத்தில் அதன் பொருள் வேறு: சிறைக்கு அனுப்பாமல், அல்லது சிறைத்தண்டனையை நிறுத்திவைத்து, நிபந்தனைகளோடு ஒருவரை வெளியில் வாழவிடுவது. இந்தியாவிலும் 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இதைத்தான் செய்கிறது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 37 லட்சம் பேர் இந்த இரண்டு வகைக் கண்காணிப்பில் இருந்தார்கள். சிறையில் இருப்போரைவிட இவர்களே அதிகம்.

இவர்களில் சுமார் ஒரு லட்சம் பேர், தண்டித்த மாநிலத்தை விட்டு வேறொரு மாநிலத்தில் கண்காணிக்கப்படுகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவில் கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் ஒரே குற்றவியல் சட்டம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று குற்றவியல் சட்டமும், நீதிமன்றமும், சிறையும், கண்காணிப்புத் துறையும் வைத்திருக்கிறது. ஓஹாயோ நீதிபதியின் ஆணையை நிறைவேற்றும் கடமை கென்டக்கி அலுவலருக்குத் தானாக வந்துவிடாது. ஆனால் சின்சினாட்டி நகரத்திலிருந்து பாலத்தின் மேல் நடந்தால் ஓஹாயோ ஆற்றைக் கடந்து கென்டக்கியின் கவிங்டன் நகரத்துக்குச் சில நிமிடங்களில் போய்விடலாம். டெக்சர்கானா என்ற ஊரில் டெக்சஸுக்கும் ஆர்கன்சாஸுக்கும் நடுவிலான எல்லைக்கோடு ஒரு தெருவின் மீதே ஓடுகிறது. அங்குள்ள மத்திய அரசின் அஞ்சலகமும் நீதிமன்றமும் சேர்ந்த கட்டடம் அந்தக் கோட்டின் மேலேயே கட்டப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களில் ஒருவருக்கு வீடு ஒரு மாநிலத்திலும் வேலை இன்னொரு மாநிலத்திலும் இருப்பது அன்றாட வழக்கம். குற்றமும் தண்டனையும் மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஏதாவது ஒன்றில்தான் நிகழ்ந்திருக்கும்.

இதற்கு ஓர் ஒழுங்கு வருவதற்கு முன் என்ன நடந்தது என்பதைப் பணிப் பயிற்சியின்போது படித்தேன். பொழுது சாய்வதற்குள் மாநில எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு ஆட்களை வெளியே விடும் வழக்கம் இருந்திருக்கிறது. நம் கிராமங்களில் ஊர்விலக்கம் செய்வார்களே, அதற்கு நீதிமன்ற முத்திரை குத்தியது போன்ற ஏற்பாடு அது. விலக்கிய ஊருக்குத் தொல்லை விட்டது. போய்ச் சேர்ந்த ஊருக்கு யார் வந்திருக்கிறார் என்பதே தெரியாது. மாநிலங்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொள்ள அமெரிக்க அரசியலமைப்பின்படி அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் 1934இல் வந்தது. 1937இல் கண்காணிப்பில் உள்ளவர்களை ஏற்றுக்கொள்வதற்கான முதல் உடன்படிக்கை உருவானது. 1951க்குள் அப்போதிருந்த 48 மாநிலங்களும் அதில் சேர்ந்துவிட்டன.

அந்தப் பழைய உடன்படிக்கையின் காலத்தில் நடந்த ஒரு வழக்கைப் படிக்காமல் எங்கள் துறையில் யாரும் பயிற்சி முடிப்பதில்லை. 1965 ஜூலையில் ஜெரால்டு ஸ்கார்பெல்லி என்பவர் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆயுதக் கொள்ளைக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 15 ஆண்டுச் சிறைத்தண்டனையை நிறுத்திவைத்து, அவரை 7 ஆண்டுகள் கண்காணிப்பில் இருக்கச் சொன்னது நீதிமன்றம். உடன்படிக்கையின்படி அவர் பக்கத்து மாநிலமான இல்லினாய்ஸில் தங்க அனுமதிக்கப்பட்டார். ஆகஸ்ட் 5ஆம் தேதி அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டவர், மறுநாள் ஒரு வீட்டில் திருடப் புகுந்தபோது பிடிபட்டார். செப்டம்பர் 1ஆம் தேதி விஸ்கான்சின் அவருடைய கண்காணிப்பை ரத்து செய்தது. 4ஆம் தேதி அவர் சிறைக்குள் இருந்தார். இடையில் யாரும் அவரை உட்காரவைத்து, உன் தரப்பில் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. 1973இல் உச்ச நீதிமன்றம், கண்காணிப்பை ரத்து செய்யும் முன் விசாரணை கட்டாயம் என்று இந்த வழக்கில் தீர்ப்பளித்தது. பரோலுக்கு அதே பாதுகாப்பை முந்தைய ஆண்டிலேயே, மோரிசி வழக்கில், கொடுத்திருந்தது. இன்று ஒருவரைத் தண்டித்த மாநிலத்துக்கு நாங்கள் திருப்பி அனுப்ப நேர்ந்தால், குற்றச்சாட்டுக்கு அடிப்படை இருக்கிறதா என்று அவர் தங்கியிருக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டியிருக்கிறது என்றால், அதன் வேர் அங்கே இருக்கிறது. சாட்சிகள் இருப்பது இங்கே. ஆளை 1000 மைல் தள்ளி அனுப்பிவிட்டு அங்கே விசாரித்தால் யார் போய் அவருக்காகப் பேசுவார்கள்?

பழைய உடன்படிக்கைக்குப் பல் இல்லை. ஒரு மாநிலம் விதியை மீறினால் கேட்க ஆளில்லை. அதன் விலை என்ன என்பது 1999 பிப்ரவரியில் டென்வர் நகரத்தில் தெரிந்தது. மேரிலாந்து நீதிமன்றம் தண்டித்த ஒருவர், போதை மறுவாழ்வுச் சிகிச்சைக்காக டென்வருக்கு அனுப்பப்பட்டிருந்தார். அப்படி ஒருவர் வருகிறார் என்று கொலராடோ மாநிலத்துக்கு முறையாகத் தெரிவிக்கப்படவில்லை. சிகிச்சை இல்லத்திலிருந்து வெளியேற்றப்பட்ட அவர், அருகே வசித்த பேட்டன் டட்ஹில் என்ற இளம்பெண்ணை அவருடைய வீட்டிலேயே கொன்றார். பேட்டனின் தாய் பாட் டட்ஹில் மாநிலம் மாநிலமாகச் சட்டமன்றங்களுக்குச் சென்று, புதிய உடன்படிக்கையை ஏற்கும்படி வேண்டினார். மகளை இழந்த ஒரு தாய், இப்படி ஆட்களை அனுப்புவதையே நிறுத்துங்கள் என்று கேட்டிருந்தால் அதில் யாரும் குறை கண்டிருக்க முடியாது. அவர் கேட்டது, அனுப்புவதற்கு முன் சொல்லுங்கள் என்பதை. இந்த வேலையில் எனக்கு எப்போதாவது சலிப்பு வரும்போது அவருடைய அந்த நிதானத்தை நினைத்துக்கொள்வேன்.

35 மாநிலங்கள் சட்டமாக்கியதும் நடைமுறைக்கு வரும் என்று எழுதப்பட்டிருந்த புதிய உடன்படிக்கை, 2002 ஜூன் 19 அன்று அந்த எண்ணிக்கையை எட்டியது. இன்று 50 மாநிலங்களோடு தலைநகரான வாஷிங்டன் டி.சி., போர்ட்டோ ரிக்கோ, அமெரிக்க வர்ஜின் தீவுகள் ஆகியவையும் சேர்ந்து 53 உறுப்பினர்கள். உடன்படிக்கையை நடத்தும் ஆணையம் கென்டக்கியின் லெக்சிங்டன் நகரத்தில் இயங்குகிறது. அது வகுக்கும் விதிகள் எல்லா உறுப்பு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும். மீறும் மாநிலத்தின் மீது ஆணையம் நீதிமன்றத்துக்குப் போகலாம். உடன்படிக்கைக்கென ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள குழுவில் பாதிக்கப்பட்டோரின் சார்பில் ஒருவர் இருந்தாக வேண்டும். ஆணையம் பேட்டன் டட்ஹிலின் பெயரில் ஒரு விருதும் வழங்குகிறது. 2008 முதல் கோப்புகள் எல்லாம் ஒரே கணினி அமைப்பின் வழியாக மாநிலத்துக்கு மாநிலம் போகின்றன. தொலைநகல் காகிதங்கள் தட்டில் கிடந்து காணாமற்போன காலத்தில் வேலை பார்த்த மூத்தவர்கள் அதை இன்னும் நன்றியோடு பேசுகிறார்கள்.

விதிகள் பல பக்கங்கள் என்றாலும் அவற்றின் உயிர்நாடி ஒன்றுதான்: ஆள் எல்லையைக் கடப்பதற்கு முன், அவரைப் பற்றிய பொறுப்பு எல்லையைக் கடந்திருக்க வேண்டும். கண்காணிப்புக் காலத்தில் 90 நாட்களுக்கு மேல் மீதமிருக்க வேண்டும். அவர் இதுவரையான நிபந்தனைகளைப் பெரும்பாலும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்க வேண்டும். போகிற மாநிலத்தில் அவர் ஏற்கெனவே குறைந்தது ஓராண்டு தொடர்ந்து வசித்தவராக இருக்க வேண்டும். அல்லது அங்கே உதவ முன்வரும் உறவினரும், பிழைப்புக்கு ஒரு வழியும் இருக்க வேண்டும். இவையெல்லாம் பொருந்தி, அனுப்பும் மாநிலமும் ஒப்புக்கொண்டு கோரிக்கை வைத்துவிட்டால், ஏற்கும் மாநிலம் மறுக்க முடியாது. நேரில் விசாரித்துப் பதில் சொல்ல அதற்கு 45 நாட்கள். தண்டனை பெறும்போதே எங்கள் மாநிலத்தில் குடியிருப்பவர் என்றால் அவரை அத்தனை நாள் காக்கவைப்பதில்லை. இங்கே வந்து யார் முன் நிற்க வேண்டும் என்ற ஆணையை 2 வேலை நாட்களில் கொடுத்துவிட வேண்டும்.

அனுமதிச் சீட்டில்லாமல் எல்லையைக் கடப்பவருக்கு மிகுந்த ஆபத்து. எத்தனையோ பேர், அம்மா வீட்டுக்குத்தானே போகிறோம், இதில் என்ன தவறு என்று புறப்பட்டுவிடுகிறார்கள்; கோப்பில் அவர்கள் தலைமறைவானவர்கள் என்று பதிவாகிவிடுகிறது. விண்ணப்பத்தில் கையெழுத்திடும்போதே, திரும்ப அழைத்தால் ஒப்படைப்பு நடவடிக்கையை எதிர்க்க மாட்டேன் என்றும் சேர்த்தே ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். ஆகையால் முதல் சந்திப்பில் அந்தப் பத்தியை நானே வாசித்துக் காட்டுகிறேன்.

வந்து சேர்ந்த பிறகு அவருக்கு இரண்டு எசமானர்கள். எத்தனை காலம் கண்காணிப்பு என்பதை அனுப்பிய மாநிலம் தீர்மானிக்கிறது. எப்படிக் கண்காணிப்பது என்பதை ஏற்ற மாநிலம், தன் மாநிலத்தில் தண்டிக்கப்பட்டவர்களை நடத்துவதைப் போலவே, தீர்மானிக்கிறது. வெளியிலிருந்து வந்தவர் என்பதற்காக அவரைக் கூடுதலாக வாட்டக் கூடாது. பென்சில்வேனியா மாநிலம் ஒருமுறை, பாலியல் குற்றத்துக்காக நியூ ஜெர்சியில் தண்டிக்கப்பட்டு வந்தவரைப் பற்றி, தன் மாநிலத்தவருக்குக் கொடுக்கும் விசாரணையை அவருக்குக் கொடுக்காமலே அக்கம்பக்கத்துக்கு அறிவிக்க முற்பட்டது. 2008இல் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சமத்துவத்துக்கு எதிரானது என்று தடுத்தது. அந்தக் குற்றத்தின் மீது எனக்கு எந்தப் பரிவும் இல்லை. இருந்தும் அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்த்து விதி மாறுமானால், மாநிலங்கள் ஒன்றின் ஆட்களை ஒன்று நம்பி ஏற்பதற்கு இடமே இருக்காது.

இந்த ஏற்பாடு எங்கே நொறுங்கும் என்பதற்கு 2009ஆம் ஆண்டின் நிகழ்வைச் சொல்லியாக வேண்டும். மாரிஸ் கிளெமன்ஸ் பதின்ம வயதில் செய்த கொள்ளை, திருட்டுக் குற்றங்களுக்காக ஆர்கன்சாஸில் 100 ஆண்டுகளுக்கும் அதிகமான சிறைத்தண்டனை பெற்றவர். 2000இல் ஆளுநர் மைக் ஹக்கபீ தண்டனையைக் குறைத்தார். பரோலில் வந்து, மறுபடி சிறைக்குப் போய், 2004இல் மீண்டும் பரோல் பெற்று, உடன்படிக்கையின் வழியாக அவர் வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். 2009 மே மாதம் அங்கே காவலர்களைத் தாக்கியதாகவும், பின்னர் ஒரு சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகவும் அவர் மீது வழக்குகள் வந்தன. ஆர்கன்சாஸ் பிடியாணை ஒன்றைப் பிறப்பித்தது. பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உடன்படிக்கையின் விதிப்படி, திரும்ப அழைக்கும் நடவடிக்கை தொடங்கிய ஒருவருக்குப் பிணை கிடையாது. அந்தக் காகிதம் இருந்திருந்தால் அவர் உள்ளே இருந்திருப்பார். நவம்பரில் அவர் பிணையில் வெளியே வந்தார். நவம்பர் 29 காலையில், லேக்வுட் நகரத்தின் நான்கு காவலர்கள் பணிக்குப் போகுமுன் ஒரு காப்பிக் கடையில் கணினிகளைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது, நான்கு பேரையும் சுட்டுக் கொன்றார். இரண்டு நாட்களில் அவரும் சியாட்டில் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு இரண்டு மாநிலங்களும் ஒன்றை ஒன்று குற்றம் சொல்லிக்கொண்டன.

அந்த நாளுக்குப் பின் எங்கள் அலுவலகங்களில் ஓர் அச்சம் குடிபுகுந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். நான்கு குடும்பங்களின் இழப்பிலிருந்து வந்த அச்சம் அது. ஒருவரைத் திரும்ப அழைத்துச் செல்லும் செலவு அனுப்பிய மாநிலத்தினுடையது என்பதால், பிடியாணை எழுதும் கை தயங்குவது உண்மையாகவே நடக்கக்கூடியது. அதனால் மீறல்களை நான் கெடுவுக்குள், தேதியோடும் சான்றோடும், எந்தச் சொல்லையும் மழுப்பாமல் எழுதுகிறேன். ஆனால் தகவல் சொல்லாமல் இருப்பது ஒரு கேடு என்றால், தகவலைத் தாமதமாகச் சொல்வதும் அதே அளவு கேடுதான். முதல் கேடு செய்தித்தாளில் வரும். இரண்டாவது யார் கண்ணிலும் படாமல் ஓர் ஆளைத் தின்றுவிடும். அப்படி ஒன்றை அருகிலிருந்து பார்த்தேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி எழுதுகிறேன்.

நடுமேற்குப் பகுதி மாநிலம் ஒன்றிலிருந்து ஒரு கோப்பு வந்தது. பெயரைப் பார்த்ததுமே தமிழர் என்று தெரிந்தது. அமெரிக்காவிலேயே பிறந்தவர், வயது முப்பதுக்குள். குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரின் காலை முறித்த வழக்கில் 3 ஆண்டுக் கண்காணிப்பும், காயம்பட்டவருக்கு இழப்பீடும் விதிக்கப்பட்டிருந்தன. ஏற்கெனவே ஒருமுறை அதே குற்றத்துக்காகப் பிடிபட்டிருந்தார். வேலை போய்விட்டது. பெற்றோர் ஓய்வு பெற்று மதுரைக்குத் திரும்பியிருந்தார்கள். எங்கள் மாநிலத்தில் உள்ள சகோதரர் வீட்டில் தங்க அனுமதி கேட்டிருந்தார். வயதுவந்த உடன்பிறந்தவர் என்பது விதிப் பட்டியலில் உள்ள உறவு. நாங்கள் ஏற்றே ஆக வேண்டிய கோரிக்கை.

கதவைத் திறந்தது அண்ணி. என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க தமிழா?" என்று கேட்டார். உள்ளே தம்பிக்கென்று மாடியறையை ஒழித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் பேருந்து நிறுத்தம் இருந்தது. அண்ணனின் நண்பர் ஒருவர் தன் கிடங்கில் வேலை தருவதாக எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டில் மது வைப்பதில்லை என்று அண்ணன் அலமாரிகளைத் தானாகவே திறந்து காட்டினார். சுவரில் ஒரு பழைய படம். பள்ளிச் சீருடையில் இரண்டு பையன்கள், நடுவில் வேட்டி கட்டிய ஒருவர். உங்கள் அப்பாவா என்று கேட்டேன். ஆமாம் என்றார் அண்ணன், "அவனுக்குப் பெரியப்பா."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. பெரியப்பா மகனை அண்ணன் என்றுதான் நாம் சொல்வோம். சித்தப்பா மகனைத் தம்பி என்பதைத் தவிர நம் மொழியில் அவனுக்கு வேறு பெயர் இல்லை. அந்த இளைஞர் தன் அலுவலரிடம், அண்ணன் இருக்கிறார் என்பதை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். அலுவலரும் உடன்பிறந்தவர் என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டார். இருவரும் பொய் சொல்லவில்லை. விதியில் உள்ள பட்டியல் எனக்கு மனப்பாடம்: பெற்றோர், தாத்தா பாட்டி, மாமா சித்தப்பா வகையினர், அத்தை சித்தி வகையினர், வயதுவந்த பிள்ளை, வயதுவந்த உடன்பிறந்தவர், கணவன் அல்லது மனைவி, சட்டப்படியான காப்பாளர், மாற்றாந்தாய் அல்லது மாற்றுத்தந்தை. அவர்கள் இந்த மாநிலத்தில் 180 நாட்களாவது வசித்திருக்க வேண்டும். பெரியப்பா உயிரோடு இருந்திருந்தால் போதும். பெரியம்மா இருந்திருந்தாலும் போதும். இருவரும் காலமாகிவிட்டார்கள். அவர்களுடைய மகனுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. பள்ளிப் பருவம் முழுவதும் இந்த வீட்டிலேயே வளர்ந்திருந்தும், கடந்த 6 ஆண்டுகளாக வேறு மாநிலத்தில் வேலை பார்த்ததால், இங்கே குடியிருப்பவர் என்ற தகுதியும் அவருக்கு இல்லை.

அதை நான் விளக்கியபோது அண்ணி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, கூடப் பிறந்தாத்தான் தம்பியா?" என்று கேட்டார். மேடம் அக்காவாக மாறியிருந்ததை நான் கவனித்தேன். என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. உறவைப் பற்றிய உண்மையை நான் எழுதித்தான் ஆக வேண்டும், எழுதினேன். வீடு எல்லா வகையிலும் ஏற்றது, ஆனால் கட்டாய ஏற்புக்குரிய உறவு இல்லை; விருப்பத்தின்பேரில் ஏற்கக் கோரித் தகுந்த காரணங்களோடு மறுபடி அனுப்பினால் பரிசீலிக்கலாம் என்று சேர்த்தேன். அந்த வழியும் விதியிலேயே இருக்கிறது. பட்டியலுக்கு வெளியே உள்ள உறவுக்கும், நிச்சயித்த பெண்ணுக்கும், சிகிச்சைக்கும் மாநிலங்கள் அந்த வழியில் அனுமதி தருவதுண்டு.

மறு கோரிக்கை 11 வாரங்கள் கழித்து வந்தது. அனுப்ப வேண்டிய அலுவலகத்தில் கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாறியிருக்கிறது. புதிதாக வந்தவர் முந்தைய மறுப்பை இறுதி முடிவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் இருமுறை நினைவூட்டினேன். அதற்குள் அந்த இளைஞரின் வாடகை ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வண்டி ஓட்டும் உரிமம் பறிக்கப்பட்டவர், ஓட்ட முடியாத தன் வண்டியை நண்பரின் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, அதற்குள்ளேயே படுத்திருக்கிறார். பேருந்து தவறிப்போய் ஒரு நாள் அலுவலரின் முன் நிற்கத் தவறிவிட்டார். அந்த ஒரு நாள், நிபந்தனைகளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாரா என்ற கேள்வியாக மறு கோரிக்கையின் இரண்டாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. வீடு கொடுக்கத் தயாராக ஒரு குடும்பம் இருக்க, வீடில்லாததால் நேர்ந்த தவறு அவருக்கு வீடு கிடைப்பதற்குத் தடையாக நின்றது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கொதிக்கிறது.

பட்டியலைத் திறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் உறவு கொண்டாடலாம் என்று என் துறையில் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. தங்கை என்று சொல்லப்பட்ட பெண், குற்றத்தில் கூட்டாளியாக இருந்ததை நானே கண்டுபிடித்திருக்கிறேன். ஆனால் ஒருவர் சிறுவயதில் குறிப்பிட்ட ஆண்டுகள் வளர்ந்த வீடு என்பதை நிறுவுவது கடினமல்ல. பள்ளிப் பதிவுகள் இருக்கின்றன, மருத்துவர் அட்டைகள் இருக்கின்றன. வளர்த்த வீட்டை உறவாகக் கணக்கில் எடுக்கும் ஒரு வரியை விதியில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் மாநிலப் பிரதிநிதிக்கு எழுதியிருக்கிறேன். தமிழர்களுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. என் கோப்புகளில் கறுப்பினக் குடும்பங்களும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்களும் இதே இடத்தில்தான் மீண்டும் மீண்டும் தடுக்கி விழுகின்றன.

கோரிக்கை ஏற்கப்பட்டது. அவர் ஒரு பேருந்துப் பையோடு வந்து, ஆணையில் குறித்த நாளில் குறித்த நேரத்துக்கு முன்பே என் அலுவலக வாசலில் நின்றார். அண்ணி வண்டியில் காத்திருந்தார். முதல் மாதம் முழுவதும் அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. குடியை நிறுத்துவதற்கான குழுக் கூட்டங்களுக்கு ஒழுங்காகப் போனார். இழப்பீட்டுத் தொகையை மாதந்தோறும் தண்டித்த மாநிலத்துக்கே அனுப்ப வேண்டும். அதன் ரசீதுகளை ஒரு பழைய நோட்டில் ஒட்டிக் கொண்டுவந்து காட்டுவார். காயம்பட்டவர் இப்போது நடக்கிறாரா என்று ஒருமுறை கேட்டார். அவரைத் தொடர்புகொள்ள இருவருக்கும் அனுமதி இல்லை என்பதால் என்னால் விசாரித்துச் சொல்ல முடியவில்லை.

போன மே மாதம், அண்ணன் மகளின் அரங்கேற்றம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த மாநிலத்தில் உள்ள ஓர் அரங்கத்தில் நடப்பதாக இருந்தது. இருபது நிமிடப் பயணம். அவர் மூன்று வாரங்களுக்கு முன்பே அழைப்பிதழோடு வந்து அனுமதி கேட்டார். போகும் முகவரி, யாருடைய வண்டி, யார் ஓட்டுவது, எங்கே சாப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதி, இரண்டு நாட்களுக்குப் பயண அனுமதிச் சீட்டு கொடுத்தேன். உறவு என்ற இடத்தில் சித்தப்பா என்று எழுதினேன். குழந்தை அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அவர் வந்து சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். மடிப்பில் குங்குமம் ஒட்டியிருந்தது. தேதியும் நேரமும் குறித்துக் கோப்பில் வைத்தேன்.